காற்றைப் படம் பிடித்தவர்: அல்பேர் லமொரிஸ்

ரிஸ்க் போர்டு கேம் விளையாடியிருக்கீங்களா? உலக வரைபடத்தை விரிச்சு வச்சு, டைஸ் உருட்டி, கண்டம் கண்டமா பிடிக்கிற அதே கேம்தான். அதைக் கண்டுபிடித்தவர் ஒரு சினிமா இயக்குநர் என்று சொன்னால் பலரும் நம்ப மாட்டாங்க. பிரான்ஸ் நாட்டுக்காரர். பெயர் அல்பேர் லமொரிஸ். 1957-ல் அந்த விளையாட்டு 'உலகத்தை வெல்லுதல்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுப் பெயரில் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவுக்குப் போய் ரிஸ்க் ஆனது.

ஆனால் இந்தக் கட்டுரை ரிஸ்க் பற்றியது இல்லை. அவர் வாழ்நாளில் பாதியை எடுத்துக்கொண்ட வேறொரு விஷயத்தைப் பற்றியது: காற்று.

வீடியோ எடுக்கிற யாருக்கும் காற்று ஒரு தொல்லைதான். மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு எடுத்தாலும் ஆடும், கையில் பிடித்தாலும் ஆடும், டிரோன் ஏற்றினாலும் ஆடும். இன்றைக்கு ஃபோனுக்குள் கைரோ சென்சார் இருக்கு, கிம்பல் இருக்கு, எடிட்டிங் ஆப்பில் ஸ்டெபிலைஸ் என்று ஒரு பட்டன் இருக்கு. லமொரிஸ் காலத்தில் இதில் ஒன்றுகூட கிடையாது. ஃபிலிமில் எடுக்கணும், லேபுக்கு அனுப்பணும், கழுவி வந்த பிறகுதான் ஷாட் ஆடியிருக்கா இல்லையா என்றே தெரியும். அப்படிப்பட்ட காலத்தில், ஹெலிகாப்டரில் உட்கார்ந்து, பறவை மிதப்பது போன்ற ஷாட்களை எடுத்துக் காட்டினார் அவர். கடைசியில் அந்த வேலையிலேயே உயிரையும் விட்டார்.

கழுதை, குதிரை, பிறகு பலூன்

லமொரிஸ் 1922 ஜனவரி 13 அன்று பாரிஸில் பிறந்தார். முதலில் புகைப்படக்காரராக இருந்தார். 1940-களின் பிற்பகுதியில் குறும்படங்கள் எடுக்கத் தொடங்கினார். ஒரு சிறுவனும் கழுதையும் வரும் 'பிம்' என்ற படம் முதலில் கவனம் பெற்றது. அதற்கு உரை எழுதியவர் பிரான்ஸின் பெயர் பெற்ற கவிஞர் ழாக் ப்ரெவேர்.

1953-ல் 'வெண்பிடரி' வந்தது. தெற்கு பிரான்ஸில் கமார்க் என்ற சதுப்பு நிலப் பகுதி இருக்கிறது. ரோன் ஆறு கடலில் கலக்கும் இடம். உப்பு நீர், நாணல், காட்டுக் குதிரைகள், ஓயாத காற்று. அங்கே யாருக்கும் அடங்காத ஒரு வெள்ளைக் குதிரையோடு ஒரு மீனவச் சிறுவனுக்கு உண்டாகும் நட்புதான் கதை. கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான பெரிய பரிசு அதற்குக் கிடைத்தது.

மூன்று வருடம் கழித்து, 1956-ல், அவரை உலகம் முழுக்கத் தெரிய வைத்த 'சிவப்பு பலூன்'. மொத்தம் 34 நிமிடம். பாரிஸின் மெனில்மோந்தான் பகுதியில் ஒரு பையன் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சிவப்பு பலூனைக் காண்கிறான். அந்த பலூன் அவன் பின்னாலேயே வருகிறது, நாய்க்குட்டி மாதிரி. அந்தப் பையனாக நடித்தது லமொரிஸின் மகன் பஸ்கால். படத்தில் பேச்சு அநேகமாகக் கிடையாது. ஆனாலும் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கார் அதற்குக் கிடைத்தது. குறும்படப் பிரிவில் இல்லைங்க, முழுநீளப் படங்களோடு போட்டி போட்டு வாங்கிய விருது! கான் விழாவிலும் குறும்படத்துக்கான தங்கப் பனை வாங்கியது.

இந்தப் படத்தை ஒரு தடவை கதைக்காகப் பாருங்க. இரண்டாவது தடவை ஃபிரேமின் ஓரங்களை மட்டும் பாருங்க. பலூன் ஆடுகிறது, தயங்குகிறது, எட்டிப் பார்க்கிறது, ஓடுகிறது. பின்னால் இருக்கும் சுவர், ஜன்னல், விளக்குக் கம்பம் எதுவும் தேவையில்லாமல் அசைவதில்லை. அதனால்தான் பலூனுக்கு உயிர் இருப்பது போலத் தோன்றுகிறது.

காற்று கண்ணுக்குத் தெரியாது. அது அசைக்கிற பொருளில்தான் தெரியும். ஃபிரேமும் சேர்ந்து ஆடினால் எது காற்றின் அசைவு, எது கேமராவின் அசைவு என்று பார்ப்பவருக்குப் பிரித்துத் தெரியாது. கேமராவிலிருந்து காற்றை வெளியே எடுத்தால்தான் படத்துக்குள்ளே காற்று தெரியும். லமொரிஸ் அதற்குப் பிறகு எடுத்த படங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

மேலே போனதும் வந்த சிக்கல்

'சிவப்பு பலூன்' முடியும் இடத்தில் பாரிஸின் பலூன்கள் எல்லாம் கூடி அந்தப் பையனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகின்றன. அடுத்த படம் அங்கிருந்தே தொடங்கிய மாதிரி இருந்தது. ஒரு தாத்தா பெரிய பலூன் ஒன்றைச் செய்கிறார். பேரன் திருட்டுத்தனமாக அதில் ஏறிக்கொள்கிறான். இருவரும் பிரான்ஸ் நாட்டின் மேல் மிதந்து போகிறார்கள். இந்த 'பலூன் பயணம்' தான் லமொரிஸின் முதல் முழுநீளக் கதைப்படம். 1960-ல் வெளிவந்தது. பேரனாக மறுபடியும் பஸ்கால்.

கதை எளிமையானது. எடுப்பதுதான் கஷ்டம். ஏன் என்று பாருங்க.

கட்டுப்பாடில்லாமல் மிதக்கும் பலூன் காற்றோடு சேர்ந்தே நகரும். அதனால் கூடையில் இருப்பவருக்குக் காற்று அடிப்பதே அவ்வளவாகத் தெரியாது. தரை மட்டும் கீழே அமைதியாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்த அனுபவத்தைத்தான் திரையில் காட்டணும். ஆனால் நினைத்த இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வேண்டும். ஹெலிகாப்டரோ காற்றை அடித்துக்கொண்டே பறக்கிற வண்டி. மிதக்கிற கதையை நடுங்குகிற வண்டியில் உட்கார்ந்து சொல்லணும். ஷாட் கொஞ்சம் நடுங்கினாலும், இது பலூன் இல்லை, ஹெலிகாப்டர் என்று பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். படமே போச்சு.

நடுக்கம் எங்கிருந்தெல்லாம் வருகிறது? மூன்று இடம்.

ஒன்று, விசிறியும் எஞ்சினும் தரும் அதிர்வு. வேகமானது, சீரானது. விசிறி நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றுகிறது, 3 இறக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 18 அடி வரும்.

இரண்டு, வண்டியையே தூக்கிப்போடும் காற்று வீச்சு. இது மெதுவானது, ஒழுங்கில்லாதது. நொடிக்கு ஒரு தடவை, இரண்டு நொடிக்கு ஒரு தடவை என்று வரும்.

மூன்று, திறந்திருக்கும் கதவு வழியாக நேராகக் கேமராவின் மேலேயே மோதும் காற்று. லென்ஸ் நீளமாக இருந்தால் இது இன்னும் மோசம். நீண்ட கம்பின் நுனியைத் தள்ளுவது சுலபம் இல்லையா, அந்தக் கணக்குதான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. கேமரா இடம் மாறுவது ஒரு பிரச்சினை, கோணம் மாறுவது வேறொரு பிரச்சினை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபிலிம் ஃபிரேமின் அகலம் 22 மில்லிமீட்டர், தியேட்டர் திரை 11 மீட்டர் என்றால் படம் 500 மடங்கு பெரிதாகிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு 100 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கோபுரத்தை எடுக்கிறோம். கேமரா 1 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் திரையில் கோபுரம் 2.5 மில்லிமீட்டர் நகரும். யாருக்கும் தெரியாது. அதே கேமரா வெறும் 0.1 டிகிரி திரும்பினால்? திரையில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குதிக்கும். லென்ஸ் 100 மில்லிமீட்டர் ஆனால் குதிப்பும் இரண்டு மடங்கு.

ஆகவே வானத்திலிருந்து எடுப்பவர் முதலில் பயப்பட வேண்டியது கேமரா திரும்புவதைப் பார்த்துத்தான். இட நகர்வு அதற்கு அடுத்தது.

ஹெலிவிஷன்

இந்தச் சிக்கலுக்காக 1950-களின் பிற்பகுதியில் லமொரிஸ் உருவாக்கிய கேமரா தாங்கி அமைப்புக்குத்தான் ஹெலிவிஷன் என்று பெயர். ஹெலிகாப்டரின் நடுக்கம் கேமராவுக்குப் போய்ச் சேராமல் தடுப்பதுதான் அதன் வேலை. எஞ்சினியரிங் படித்தவர் இல்லை, சினிமாக்காரர். கதைக்குத் தேவைப்பட்டது, அதற்காகக் கருவியைத் தேடினார்.

இப்படிப்பட்ட எந்தத் தாங்கியையும் இரண்டு யோசனைகளில் அடக்கிவிடலாம்.

முதல் யோசனை, இறுக்கிப் பிடிக்காதே, தொங்கவிடு. மெக்கானிக்கல் பசங்க டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரியில் டிரான்ஸ்மிஸிபிலிட்டி கணக்கு போட்டிருப்பீங்க. அது இங்கேதான் உயிர் பெறுகிறது. கேமராவை மென்மையான ஸ்பிரிங்கில் தொங்கவிடுகிறோம். அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். விசிறி தருவது நொடிக்கு 18. விகிதம் 9. தணிப்பானைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், வண்டியின் அதிர்வில் 80-ல் ஒரு பங்குதான் கேமராவுக்குப் போகும். நட்டு போல்ட்டு போட்டு இறுக்கியிருந்தால் முழுசும் போயிருக்கும். நாம் இயல்பாக நினைப்பது என்ன? ஆடுகிறதா, இன்னும் இறுக்கு. இங்கே அது தலைகீழ்.

ஆனால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நொடிக்கு ஒரு தடவை வரும் காற்று வீச்சுக்கு இதே கணக்கைப் போட்டால் விகிதம் 0.5. விடை 1.33. அதாவது காற்றின் ஆட்டம் குறையாமல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்! இன்னும் துரதிர்ஷ்டம், நொடிக்கு 2 என்று வந்தால் ஒத்ததிர்வு. கேமரா குதியாட்டம் போடும். விசிறிக்கு மருந்தாக இருப்பதே காற்றுக்கு விஷமாகிவிடும்.

இதற்குத்தான் இரண்டாவது யோசனை. கேமராவைத் தாங்கும் புள்ளியை அதன் எடை மையத்தில் வை. ஒரு ஸ்கேலை நடுவில் விரலால் தாங்கிப் பிடித்து, கையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஸ்கேலும் மேலே கீழே போகும், ஆனால் சாயாது. ஓரத்தில் தாங்கினால் உடனே கவிழும். எடை மையத்தில் தாங்கினால், காற்று வண்டியை எப்படித் தூக்கிப்போட்டாலும் கேமராவைத் திருப்பும் விசை கிடைக்காது. அது இடம் மாறும், கோணம் மாறாது. மேலே போட்ட கணக்கு நினைவிருக்கா? இட நகர்வைத் திரை மன்னித்துவிடும். கோணத்தை மன்னிக்காது.

அதோடு கேமராவைச் சுற்றி எடையைப் பரப்பி வைத்தால் சுழற்சி நிலைமம் கூடும். கம்பி மேல் நடப்பவர் நீளமான கழியைக் கையில் வைத்திருப்பது இதற்காகத்தான். தள்ளினாலும் மெதுவாகத்தான் திரும்பும், நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். நேரடிக் காற்றுக்கு மறைப்பு ஒன்று போட்டால் மூன்றாவது எதிரியும் போயிற்று.

மிச்சம் இருப்பது மனிதர் வேலை. பைலட் வண்டியை வெடுக்கென்று திருப்பாமல் ஒரே வளைவில் கொண்டுபோகணும். தரை சூடேறிக் காற்று கொந்தளிப்பதற்கு முன், காலை நேரத்தில் பறக்கணும். எந்தத் தாங்கியும் பைலட்டின் கைக்கு மாற்று ஆகாது.

நம்ம கேமராவுக்கு என்ன?

'பலூன் பயணம்' படத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தின் கோபுரத்தைக் கேமரா நெருங்கும் இடமும், கமார்க் சதுப்பில் பறவைகளும் குதிரைகளும் ஓடும் இடமும், மோன் பிளாங் பனிமலையும் பார்த்தால், இன்றைய டிரோன் வீடியோக்களின் மூதாதையைப் பார்த்த மாதிரி இருக்கும். அதே சிக்கல்கள்தான் இன்றைக்கும் நம்ம கையில் சின்ன அளவில் இருக்கு. அதனால் அவர் வழியில் யோசித்தால் நமக்கும் உதவும்.

டிரைபாட் வைத்து எடுக்கிறீங்க, காற்று பலமா இருக்கா? முதலில் உயரத்தைக் குறைங்க. நடுக்கம்பியை உயர்த்தவே வேண்டாம். கால்களை அகட்டி வைங்க. பையைக் கீழே கட்டித் தொங்கவிடுவது நல்ல யோசனைதான், ஆனால் அது காற்றில் ஊஞ்சல் ஆடினால் புதுசாக ஒரு அதிர்வு சேரும். பை தரையை லேசாகத் தொடும்படி கட்டுங்க. கேமரா வாரைக் கழற்றிவிடுங்க, அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். காற்று வரும் பக்கம் நீங்களே நின்று மறைங்க.

ஜூம் செய்யாமல் கிட்டப் போய் அகலமான லென்ஸில் எடுங்க. குவியத் தூரம் பாதியானால் ஆட்டமும் பாதி.

கிம்பல் வைத்திருந்தால் மோட்டாரை ஆன் செய்வதற்கு முன் கேமராவைச் சரியாக பேலன்ஸ் செய்யணும். அதாவது எடை மையம். பேலன்ஸ் தப்பாக இருந்தால் மோட்டார் பாதிச் சக்தியை அதற்கே செலவழிக்கும். காற்று வீசும்போது தாங்க அதனிடம் தெம்பு இருக்காது.

பிறகு ஆப்பில் சரிசெய்யலாம் என்று நினைத்தால், எடுக்கும்போதே இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, ஷட்டர் வேகம் கொஞ்சம் கூட இருக்கணும். மென்பொருளால் ஃபிரேமை நகர்த்திப் பொருத்த முடியும், ஃபிரேமுக்குள்ளேயே பதிந்துபோன மங்கலை எடுக்க முடியாது. ஆட்டம் நின்ற பிறகும் படம் அவ்வப்போது மங்கி மங்கி வருவது அதனால்தான். இரண்டு, ஓரத்தில் இடம் விட்டு எடுக்கணும். ஸ்டெபிலைஸ் செய்யும்போது ஓரம் வெட்டுப்படும். 4கே-யில் எடுத்து ஃபுல் எச்டி-யில் வெளியிட்டால் வெட்டுவதற்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

காட்சிக்குப் பொருந்தினால் இன்னொரு வழியும் இருக்கு. நொடிக்கு 48 ஃபிரேம் எடுத்து 24-ல் ஓட்டினால், நொடிக்கு ஒரு தடவை ஆடிய ஆட்டம் இரண்டு நொடிக்கு ஒரு தடவை ஆகிவிடும். நடுக்கம் போய் மிதப்பு மாதிரி தெரியும்.

காதலரின் காற்று

1965-ல் சிறகு கட்டிப் பறக்கும் ஒரு திருடனைப் பற்றி 'ஃபிஃபி' என்ற படம் எடுத்தார். அதன்பின் வெர்சாய் அரண்மனையையும் பாரிஸ் நகரத்தையும் வானத்திலிருந்து காட்டும் குறும்படங்கள். நம்ம ஆள் தரைக்குத் திரும்பி வருவதாக இல்லை.

பிறகு ஈரானிலிருந்து அழைப்பு வந்தது. அப்போது ஷாவின் ஆட்சி. அந்த நாட்டின் கலாச்சார அமைச்சகம் ஈரானைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்துத் தரச் சொன்னது. லமொரிஸ் 'காதலரின் காற்று' என்ற படத்தைத் தொடங்கினார். பாரசீகக் கவிதையில் காதலரின் சேதியைச் சுமந்து போகும் மென்மையான காற்றுக்கு ஸபா என்று பெயர். நம்ம ஊர் இலக்கியத்தில் தென்றல் தூது போகிற மாதிரி. படத்தில் கதை சொல்வது அந்தக் காற்றுதான். வெப்பக் காற்று, செங்காற்று, தீய காற்று என்று மற்றக் காற்றுகளும் வருகின்றன. பாலைவனம், மலை, மண் வீடுகள், மசூதிக் குவிமாடங்கள், பழைய இடிபாடுகள் என்று எல்லாவற்றின் மேலும் கேமரா வழுக்கிக்கொண்டு போகிறது.

அவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் பாருங்க. 'சிவப்பு பலூன்' படத்தில் கேமரா தரையில் நின்று காற்றைப் பார்த்தது. 'பலூன் பயண'த்தில் காற்றில் ஏறி மிதந்தது. இந்தப் படத்தில் கேமராவே காற்று. காற்றின் கண்ணால் ஒரு நாட்டைப் பார்க்கிறோம். அந்தக் கண் ஒரு நொடி நடுங்கினாலும் மாயம் கலைந்துவிடும்.

படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் பார்த்த அதிகாரிகளுக்குத் திருப்தி இல்லை என்று சொல்லப்படுகிறது. பழைய ஈரான் நிறைய இருக்கு, புது ஈரான் எங்கே? அணை, தொழிற்சாலை, நவீன நகரம் எல்லாம் வேண்டும் என்று கேட்டார்களாம். லமொரிஸ் மறுபடியும் படம் பிடிக்கப் போனார்.

டெஹ்ரானுக்கு வடமேற்கே, மலைகளுக்கு நடுவில் கரஜ் அணை இருக்கிறது. 1961-ல் கட்டி முடிக்கப்பட்ட, உயரமான, வளைந்த கான்கிரீட் அணை. 1970 ஜூன் 2 அன்று அந்த அணையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது ஹெலிகாப்டர் கம்பிகளில் சிக்கி விழுந்தது. லமொரிஸ் இறந்துபோனார். வயது 48.

அவருக்கு மிகவும் வேண்டியிருந்த படம் காற்றைப் பற்றியது. உயிர் போனதோ அணையைப் பற்றிய, பிறர் கேட்ட சில ஷாட்களுக்காக.

ஷாட்டில் தெரியாதது

அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து அவர் மனைவியும் மகன் பஸ்காலும் படத்தை முடித்தார்கள். சிவப்பு பலூனைத் துரத்திக்கொண்டு ஓடிய அதே பையன்தான். 1978-ல் படம் வெளிவந்தது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் பட்டியலில் லமொரிஸின் பெயர் இடம்பெற்றது, அவர் இறந்து எட்டு வருடம் ஆன பிறகு.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒன்று மனதை உறுத்தும். இவ்வளவு அமைதியாக நகரும் ஷாட்டுக்குப் பின்னால் அலறும் எஞ்சின், தூக்கிப்போடும் காற்று, பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் பாறை. திரையில் அதில் ஒரு துளிகூடத் தெரியாது. தெரியாமல் செய்வதுதான் ஹெலிவிஷனின் வேலை. நல்ல தாங்கி படத்தை நடுக்கத்திலிருந்து பிரித்துவிடும். வண்டியையும் அதில் இருக்கும் மனிதரையும் அது பிரிக்காது. கேமராவுக்கு நிம்மதி கிடைத்தது, பறப்பவருக்கு இருந்த ஆபத்து அப்படியேதான் இருந்தது.

இதை இன்றைக்கும் மறக்கக் கூடாது. கிம்பல் மூன்று அச்சிலும் வேலை செய்துகொண்டிருக்க, கையில் இருக்கும் ஸ்கிரீனில் படம் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கும். அதைப் பார்த்து, மேலே காற்று லேசாகத்தான் இருக்கு என்று நினைத்துவிடுவோம். உண்மையில் டிரோன் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். தரையில் இலை அசையாத நேரத்திலும் 50 மீட்டர் மேலே நல்ல காற்று இருக்கலாம். மின்கம்பியோ சின்ன ஸ்கிரீனில் பக்கத்தில் போகும்வரை கண்ணுக்கே தெரியாது. படம் ஆடாமல் இருப்பதை வைத்துப் பாதுகாப்பைக் கணக்கிடக் கூடாது. பறக்கவிடும் முன் கம்பி எங்கே போகிறது என்று நடந்து போய்ப் பார்க்கணும். ஸ்கிரீனை ஒருவர் பார்க்கும்போது டிரோனை நேரில் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் நிற்கணும். ஒரு ஷாட்டுக்காக மறுபடியும் மேலே ஏற்றச் சொல்லி யாராவது கேட்டால், அந்த ஷாட் தேவைதானா என்று திருப்பிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

லமொரிஸுக்குப் பிறகு ஹெலிகாப்டர் தாங்கிகள் எவ்வளவோ மாறிவிட்டன. கைரோ வந்தது, மோட்டார் வந்தது, இப்போது பைலட்டே இல்லாத டிரோன் வந்துவிட்டது. அணையை எடுக்க இன்றைக்கு யாரும் கம்பிகளுக்கு நடுவில் போய் உட்கார வேண்டியதில்லை. மனிதரைக் கீழேயே நிற்க வைத்துவிட்டு கேமராவை மட்டும் மேலே அனுப்ப முடிகிறது என்பதுதான் டிரோனால் கிடைத்த பெரிய நன்மை.

'சிவப்பு பலூன்' 34 நிமிடம்தான். செமஸ்டர் முடிந்த ஒரு சாயங்காலம் ரூமில் எல்லாருமாக உட்கார்ந்து பாருங்க. காற்றைத் துளியும் ஆடாத ஒரு ஃபிரேமுக்குள் விளையாட விட்ட மனிதரை உங்களுக்கும் பிடித்துப்போகும்.